குருத்து ஞாயிறன்று காற்று நடந்த வழி

சிக்காகோ நகரிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் சென்றால் இந்தியானா மாநிலத்தின் வடபகுதியை அடையலாம். அங்கே சவுத் பெண்ட் நகரின் ஓரத்தில் நோத்ர் தாம் பல்கலைக்கழகத்தின் பொன் வேய்ந்த குவிமாடமும், அதன் உச்சியில் நிற்கும் தேவதாயின் திருவுருவமும் தொலைவிலிருந்தே கண்ணில் படும். கத்தோலிக்கப் பயணிகள் பெரும்பாலும் அங்கே செபித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்கு அப்பால் உள்ளவை மக்காச்சோள வயல்கள்தாம். அவற்றைக் காண யார் போவார்? ஆனால் நான் காணச் சென்றது அந்த வயல்களையே.

அது ஏப்ரல் மாதத்தின் தொடக்கம். நிலம் இன்னும் உழப்படவில்லை. சென்ற ஆண்டு அறுத்த சோளத்தின் தட்டைகள் முழங்கால் உயரத்திற்குக் குறைவாக, பழுப்பு நிறத்தில், கண்ணெட்டும் தூரம்வரை வரிசை வரிசையாக நின்றன. மலை இல்லை, மேடு என்று சொல்லத்தக்கதும் இல்லை. எல்கார்ட் நகரத்திலிருந்து கோஷன் என்னும் ஊருக்குச் செல்லும் 33-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், கிராமச் சாலைகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மைலுக்கு ஒன்றாக, சதுரங்கப் பலகையைப் போல நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. அச்சாலைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இணையாகக் கறுப்பு நிறக் குதிரை வண்டிகளும் செல்கின்றன. அவை ஆமிஷ் என்னும் சபையாரின் வண்டிகள். மின்சாரக் கம்பியை வீட்டிற்குள் கொண்டுவராமல், வானொலியும் வைத்துக்கொள்ளாமல், உழவையும் செபத்தையும் வாழ்வாகக் கொண்ட மக்கள் அவர்கள். இந்த அமைதியான நாட்டின் குறுக்கே 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், குருத்து ஞாயிறு மாலையில், காற்று ஒரு பாதை வகுத்துக்கொண்டு நடந்து சென்றது.

நம் கடற்கரை மக்களுக்குப் புயல் புதிதன்று. ஆனால் நம் புயலுக்கும் அவர்கள் டொர்னாடோ என்று அழைக்கும் சுழற்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் புயல் கடலில் கருவுற்று, பல நாள் அலைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்திற்கு விரிந்து கரைக்கு வரும். அது வருமுன் வானொலி சொல்லும், கடலும் சொல்லும். அமெரிக்காவின் சமவெளியில் எழும் சுழற்காற்றோ நிலத்தின் மேலேயே பிறக்கிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்றின் மேல், வடமேற்கிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று ஏறி அமர்கிறது. உயரத்திற்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுகின்றன. இடிமேகத்தினுள் மேலெழும் காற்று சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சியின் ஒரு கால் தரையைத் தொட்டால், அதுவே டொர்னாடோ. அதன் அகலம் சில நூறு மீட்டரே இருக்கலாம். ஓரிடத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சாலைக்கு இந்தப் பக்கத்து வீடு அடியோடு போயிருக்க, அந்தப் பக்கத்து வீட்டின் சன்னல் கண்ணாடிகூட உடையாமல் நிற்கும்.

அந்தக் குருத்து ஞாயிறு இதமான வெயிலோடு விடிந்ததாக, அதைக் கண்டவர்கள் பலரும் கூறியுள்ளனர். நீண்ட குளிர்காலத்திற்குப் பின் வந்த முதல் வெப்பமான நாள். காலையில் குருத்தோலை ஏந்தி ஆலயம் சென்று திரும்பியவர்கள் பிற்பகலில் வீட்டிற்குள் அடைந்து கிடக்க மனமின்றி வெளியே உலவினார்கள். அவ்வெப்பமே ஆபத்தின் ஒரு பாதி என்பதை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? பிற்பகல் தொடங்கி நள்ளிரவுவரை அயோவா, விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா, மிச்சிகன், ஒஹாயோ ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ ஐம்பது சுழற்காற்றுகள் எழுந்தன. 260-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 137 பேர் இந்தியானாவில் மட்டும் இறந்தவர்கள்.

எல்கார்ட்டுக்கும் கோஷனுக்கும் நடுவே மிட்வே என்னும் டிரெய்லர் குடியிருப்பு ஒன்று அப்போது இருந்தது. டிரெய்லர் வீடு என்பது தொழிற்சாலையில் செய்து, சக்கரத்தின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தும் வீடு. மாலை ஆறரை மணியளவில் அந்தக் குடியிருப்பின் மேல் காற்று பாய்ந்தது. உள்ளூர்ச் செய்தித்தாளின் நிழற்பட நிருபரான பால் ஹஃப்மன் என்பவர் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி அதனைப் படமெடுத்தார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றில் கறுத்த இரு தூண்கள், ஒன்றுக்கொன்று துணை நிற்பன போல, வயலின் மேல் நிற்கின்றன. இன்றும் சுழற்காற்றைப் பற்றிய நூல்கள் பலவற்றில் அப்படத்தைக் காணலாம். அதன் அடியில் தெரியும் சிறு சிதறல்கள் யாருடைய வீடுகள் என்பதை எண்ணாமல் அதைப் பார்க்க என்னால் இயலவில்லை.

அதோடு முடியவில்லை. முக்கால் மணி நேரத்திற்குள், ஏறக்குறைய அதே வழியை ஒட்டி மற்றொன்று வந்தது. முதற்காற்று மின்கம்பங்களையும் தொலைபேசிக் கம்பிகளையும் சாய்த்துவிட்டதால் இரண்டாவதைப் பற்றிய எச்சரிக்கை பலரை எட்டவே இல்லை. டன்லப் என்னும் ஊரின் சன்னிசைட் குடியிருப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர். மூன்று நாள் கழித்து, பெரிய வாரத்தின் புதன்கிழமையன்று, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அந்த இடிபாடுகளின் நடுவே நின்றார். இப்போது அங்கே நினைவுப் பூங்கா ஒன்று உள்ளது. மரங்கள் எல்லாம் வளர்ந்துவிட்டன. நான் சென்ற நாளில் புல்வெளியில் ஓர் அணில் ஓடிக்கொண்டிருந்தது.

குருத்து ஞாயிறன்று இறைவன் ஏன் இவ்வாறு அனுமதித்தார் என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. சிலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று மக்கள் எண்ணியதையும், அந்த எண்ணத்தை ஆண்டவர் மறுத்ததையும் நற்செய்தியில் வாசிக்கிறோம். அக்கேள்விக்கு அதற்குமேல் விடை தேட நான் துணியவில்லை. ஆனால் அதே இடிபாட்டின் முன் வேறொரு கேள்வியோடு வந்து நின்றவர்கள் இருந்தார்கள். எது விழுந்தது? எந்தத் திசையில் விழுந்தது? எது நின்றது? ஏன் நின்றது? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வழியைத்தான் நான் தேடி வந்தேன்.

அவர்களுள் முதல்வர் ஒரு சப்பானியர். தெட்சுயா ஃபுசிட்டா என்பது அவர் பெயர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வானிலையியல் கற்பித்தவர். பேரழிவிற்குப் பின் அவர் சிறு விமானம் ஒன்றில் ஏறி, அழிவின் பாதைகளை மேலிருந்து தொடர்ந்து படமெடுத்தார். தரையில் நிற்பவனுக்கு இடிந்த வீடு ஒன்றுதான் தெரியும். மேலிருந்து பார்ப்பவனுக்கோ காற்று புறப்பட்ட இடம், திரும்பிய இடம், அடங்கிய இடம் யாவும் ஒரே கோடாகத் தெரியும். அவ்வாறு பார்க்கையில், வீடே இல்லாத வெற்று வயல்களில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். அறுத்த சோளக்காட்டின் மேல் வளையம் வளையமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செல்லும் கோடுகள், நம் பெண்கள் இழைக்கோலம் போடுகையில் கையை எடுக்காமல் சுழித்துச் சுழித்துப் போவார்களே, அதைப்போல.

இவ்வகைக் கோடுகளை முன்னரும் கண்டிருந்தார்கள். கனத்த பொருள் ஏதோ ஒன்றைக் காற்று சுழற்றி இழுத்துச் சென்றதால் நிலத்தில் விழுந்த கீறல்கள் அவை என்று கருதினார்கள். கிட்டச் சென்று ஆராய்ந்தபோது அவை கீறல்களே அல்ல என்பது தெரிந்தது. மண் தோண்டப்படவில்லை, மாறாக, சோளத் தட்டையும் சருகும் ஒரு சிறு வரப்பைப் போலக் குவிந்து கிடந்தன. இதிலிருந்து ஃபுசிட்டா கண்ட முடிவு இது: பெரிய சுழற்காற்றின் உள்ளே சிறு சுழல்கள் சில தனியே சுழன்றுகொண்டு, அதனைச் சுற்றியும் ஓடுகின்றன. அவை சென்ற தடமே இந்தக் கோலம். அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்று போய் மற்றொன்று நிற்கும் மர்மத்திற்கு இதுவே விளக்கம். வளையங்களின் இடைவெளியை அளந்து, அவற்றிலிருந்து காற்றின் வேகத்தையும் அவர் கணக்கிட முயன்றார். எந்தக் கருவியும் காற்றின் நடுவே நின்று அளக்க முடியாத காலத்தில், ஒரு விவசாயி எரிப்பதற்கும் உழுவதற்கும் விட்டுவைத்த தட்டைகளே அளவுகோலாயின.

இத்தகைய கண் அவருக்கு எங்கே வாய்த்தது? அதை அறிய இந்தியானாவை விட்டுச் சப்பானுக்குச் செல்ல வேண்டும். அதுவும் கத்தோலிக்கர் மறக்கவியலாத ஓர் ஊருக்கு.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் அமெரிக்க விமானம் தன் இரண்டாவது அணுகுண்டைச் சுமந்து முதலில் சென்றது கொக்குரா என்னும் நகரத்தின் மேல். கீழே இலக்குத் தெரியாதபடி மேகமும் புகையும் மறைத்ததால் அது நாகசாகிக்குத் திரும்பியது. கொக்குராவுக்கு அருகே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அப்போது இளம் ஆசிரியராக இருந்தவர் ஃபுசிட்டா. நாகசாகியில் குண்டு வெடித்ததோ உராக்காமிப் பள்ளத்தாக்கின் மேல். நூற்றாண்டுக் கணக்கில் வேதகலாபனையைத் தாங்கி, குருக்கள் இல்லாமலே மறைவில் விசுவாசத்தைக் காத்துவந்த கிறிஸ்தவர்களின் வழிவந்த மக்கள் வாழ்ந்த இடம் அது. அவர்கள் எழுப்பிய பேராலயம் தரைமட்டமாயிற்று. பங்கு மக்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் அழிந்தனர்.

சில வாரங்களுக்குள் ஃபுசிட்டா மாணவர் சிலருடன் அங்கே சென்றார். குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கண்டறிய வேண்டும். சப்பானில் கல்லறைகளின் முன்னே மூங்கில் குழாய்களில் மலர் வைப்பது வழக்கம். அக்குழாய்களில் வெப்பம் சுட்ட வடு ஒரு பக்கத்தில் மட்டும் கரிந்திருந்ததை அவர் கவனித்தார். எந்தக் கல்லறையில் எந்தக் கோணத்தில் கரிந்திருக்கிறது என்று இடம் இடமாக அளந்து, கோடுகளை நீட்டி, அவை வானில் சந்திக்கும் புள்ளியைக் கண்டார். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம். இறந்தோருக்கு வைத்த மலர்க்குழாய்கள் அவ்வாறு சாட்சி சொல்லின. மரங்களும் சொல்லின. குண்டுக்கு நேர் கீழே இருந்த மரங்கள் கரிந்து நின்றுகொண்டிருந்தன. விலகி இருந்தவையோ நாற்புறமும் வெளிநோக்கி, ஒரு விண்மீனின் கதிர்களைப் போல வீழ்ந்து கிடந்தன.

மேலிருந்து கீழே அடித்துச் சிதறும் காற்றின் கையெழுத்து அது. அந்த உருவம் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. 1953-இல் அவர் சிக்காகோ சென்றார். 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 3, 4 ஆகிய நாட்களில் பதின்மூன்று மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள் எழுந்து 300-க்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, மீண்டும் விமானமேறி அப்பாதைகளை ஆராய்ந்தார். மேற்கு வர்ஜீனியாவில் பெக்லி என்னும் ஊர்ப்பக்கத்துக் காட்டில், சுழன்று விழாமல் விண்மீன் கதிர் போல விழுந்து கிடந்த மரங்களைக் கண்டதும் நாகசாகி அவர் நினைவிற்கு வந்தது. சுழற்காற்று மட்டுமன்று, மேகத்திலிருந்து நேரே கீழிறங்கித் தரையில் மோதிப் பரவும் காற்றும் உண்டு என்று அவர் கூறினார். பலர் ஏற்கத் தயங்கினர். அடுத்த ஆண்டு, 1975 ஜூன் 24 அன்று, நியூயார்க் நகரின் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பயணி விமானம் ஒன்று ஓடுபாதையை எட்டுமுன் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்குக் காரணம் அத்தகைய கீழிறங்கு காற்றே என்று அவர் நிறுவினார். விமான நிலையங்களில் அதனைக் கண்டறியும் ராடார்கள் பின்னர் வைக்கப்பட்டன. இன்று நாம் விமானத்தில் பத்திரமாக இறங்குவதில் அந்தக் காட்டு மரங்களுக்கும், உராக்காமி மலைச்சரிவின் மரங்களுக்கும் பங்கு உண்டு.

இதில் ஒரு வேடிக்கை: அத்தனை சுழற்காற்றுகளின் தடத்தைப் படித்த அவர், உயிருள்ள சுழற்காற்று ஒன்றைத் தம் கண்ணால் முதன்முதல் கண்டது 1982 ஜூன் 12 அன்றுதான். அதற்குள் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1998-இல் அவர் சிக்காகோவில் காலமானார்.

சேதத்தைக் கொண்டே காற்றை அளக்கும் அளவுகோலை அவர் 1971-இல் வெளியிட்டார். சுழியம் முதல் ஐந்துவரை ஆறு படிகள். 2007 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் அதன் திருத்திய வடிவம் வழக்கில் உள்ளது. அந்தத் திருத்திய பட்டியலில் இருபத்தெட்டு வகைப் பொருள்களைக் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு சிதைந்தால் எவ்வளவு வேகம் என்று கணக்கு. அந்தப் பட்டியலின் முதற்பெயரே உழவனின் சிறு கொட்டில். அடுத்து வீடு, பிறகு டிரெய்லர் வீடு. பள்ளி, மருத்துவமனை, அங்காடி எல்லாம் கடந்து, கடைசி இரண்டும் மரங்கள். கனடா நாட்டார் தங்கள் பட்டியலில் பழமையான ஆலயங்களையும், தானியமும் தீவனமும் சேமிக்கும் உயர்ந்த உருளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தங்கள் நாட்டுப்புறத்தில் வேறென்ன நிற்கிறது என்று எண்ணியிருப்பார்கள் போலும்.

வட இந்தியானாவிற்குப் பொறுப்பான வானிலை அலுவலகம் சிரக்யூஸ் என்னும் சிற்றூரின் பக்கத்தில் இருக்கிறது. சுழற்காற்று வீசிய மறுநாட்காலை அவ்வலுவலர்கள் இருவர் மூவராகப் புறப்படுகிறார்கள். ஒரு மைலுக்கு ஒன்றாக ஓடும் அந்தக் கட்டச்சாலைகள் இங்கே அவர்களுக்கு மிகவும் உதவுகின்றன. ஒரு சாலையில் சென்று காற்றின் தடத்தை வெட்டிக் கடப்பார்கள். அடுத்த சாலையில் திரும்பி மீண்டும் வெட்டுவார்கள். இவ்வாறு தையல் போடுவதுபோல் முன்னும் பின்னும் சென்று தொடக்கத்தையும் முடிவையும் அகலத்தையும் குறிக்கிறார்கள். கைப்பேசியிலேயே இடக்குறிப்போடு படமும் பதிவாகிறது. ஆளில்லாச் சிறு விமானங்களும் இப்போது உண்டு. ஆனால் முக்கியமான வேலை இன்னும் குனிந்து பார்ப்பதுதான்.

எங்கே குனிகிறார்கள் தெரியுமா? வீடு போய்விட்ட இடத்தில், அதன் அடித்தளத்தின் விளிம்பில். அந்நாட்டு வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. சுவரின் அடிச்சட்டத்தைக் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டால் இறுக்கி, நட்டும் வாஷரும் போட்டிருந்தால், அவ்வீட்டைப் பெயர்க்க மிகக் கொடிய காற்று வேண்டும். வெறும் ஆணி அடித்திருந்தால் அதைவிட மெலிந்த காற்றே போதும். ஆகவே, வீடு முழுவதும் போயிற்று என்பதனால் மட்டும் காற்றின் படியை உயர்த்திவிட மாட்டார்கள். ஆணியா, போல்ட்டா; போல்ட் இருந்தால் நட் இருந்ததா; துருப்பிடித்திருந்ததா என்று பார்ப்பார்கள். முதற்காலத்து அளவுகோலில் காற்றின் வேகம் மிகைப்பட்டிருந்தது இதனாலேயே தெரியவந்தது. வீட்டை அழித்ததில் காற்றின் பங்கு எவ்வளவு, கட்டியவனின் பங்கு எவ்வளவு என்று அந்தத் துருவேறிய இரும்புத் துண்டு சொல்லிவிடுகிறது. உறவினரை இழந்த குடும்பத்தின் முன்னே இந்தக் கணக்கைப் பார்ப்பது எளிய வேலையன்று. எண்ணிக்கை குறித்துக்கொள்ளும் முன் வீட்டாரிடம் அனுமதி கேட்பதும், அவர்கள் சொல்லும் கதையை முழுவதும் நின்று கேட்பதும் இத்தொழிலின் மரியாதை.

எல்கார்ட்டைச் சுற்றி வருகையில் இக்கணக்கு வேறொரு முகம் காட்டியது. சக்கர வீடுகளும் தொழிற்சாலை வீடுகளும் செய்வதில் அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற ஊர் எல்கார்ட். அவற்றிற்கென ஓர் அருங்காட்சியகமே அங்கே இருக்கிறது. பழங்கால டிரெய்லர்கள் துடைத்து மெருகிட்டு வரிசையாக நிற்கின்றன. குழந்தைகள் ஏறி இறங்குகிறார்கள். நிலம் வாங்கி வீடு கட்டப் பொருளில்லாத குடும்பத்திற்கு இத்தகைய வீடு ஒரு வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நாட்டில் சுழற்காற்றினால் வீட்டிலிருந்தபடியே இறப்போரில் ஏறத்தாழ பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். மக்கள் தொகையிலோ இவ்வீடுகளில் வாழ்வோர் மிகச் சிறு பகுதியினர். இவற்றிற்கு நிலவறை கிடையாது. சரியாகக் கட்டி இறுக்காவிட்டால் காற்று இவற்றை உருட்டிவிடும். காற்றுக்கு ஏழை, செல்வர் என்ற பாகுபாடு இல்லை என்று நாம் சொல்வது வழக்கம். சேத ஆய்வாளரின் குறிப்பேட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

2005 நவம்பர் 6 அன்று, மக்கள் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவு வேளையில், இதே மாநிலத்தின் தென்கோடியில் ஈவான்ஸ்வில் நகரின் டிரெய்லர் குடியிருப்பு ஒன்றில் சுழற்காற்று புகுந்து 20 பேரைக் கொன்றது. எச்சரிக்கை வெளியாகியிருந்தது, உறங்கியவர்களை அது எழுப்பவில்லை. தன் குழந்தையை அங்கே பறிகொடுத்த ஒரு தாய் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கை வந்தவுடன் தானே ஒலிக்கும் வானிலை வானொலி ஒவ்வொரு புதிய தொழிற்சாலை வீட்டிலும் இருக்க வேண்டும் என்று அவர் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். 2007-இல் இந்தியானாவில் அது சட்டமாயிற்று. சில நூறு ரூபாய் மதிப்புள்ள டிரான்சிஸ்டரைப் போன்ற ஒரு சிறு பெட்டி அது. அதற்காக ஒரு தாய் இரண்டாண்டு நடக்க வேண்டியிருந்தது.

1965-ஐப் பற்றி ஒன்று கூற மறந்துவிடலாகாது. அன்றைய வானிலை நிலையத்தார் பிற்பகலிலேயே முன்னறிவிப்பு வெளியிட்டிருந்தார்கள். ஆயினும் 'வரக்கூடும்' என்ற முன்னறிவிப்பும் 'வந்துவிட்டது' என்ற எச்சரிக்கையும் கேட்பவர் காதில் ஒன்றாகவே விழுந்தன. சேதத்தை ஆராய்ந்த அரசுக் குழு மக்களோடு பேசியபோது இக்குழப்பம் வெளிப்பட்டது. அதன் பின்னரே, விழித்திருக்கச் சொல்லும் அறிவிப்புக்கும் உடனே பதுங்கச் சொல்லும் அறிவிப்புக்கும் வெவ்வேறு சொற்கள் நிலைபெற்றன. இடிந்த சுவர்களை மட்டுமன்று, சொற்களையும் அளக்க வேண்டியிருந்தது.

இந்த அளவை முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நாட்டுப்புறத்திற்கே உரிய எல்லை. வயலில் அடிக்கும் காற்றுக்குச் சாட்சி யார்? இருபத்தெட்டுப் பொருள்களில் சோளப்பயிர் இல்லை. 2013 மே 31 அன்று ஒக்லஹாமா மாநிலத்தில் எல் ரீனோ என்னும் ஊருக்கருகே எழுந்த சுழற்காற்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. சுழற்காற்றைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்த டிம் சமாராஸ் என்ற ஆய்வாளரும், அவர் மகனும், நண்பரும் அதில் உயிர்நீத்தனர். நடமாடும் ராடார் அதில் மணிக்கு 480 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தைக் கண்டது. ஆயினும் வழியில் பெரும்பாலும் வயல்களே இருந்தமையால், சேதத்தைக் கொண்டு கணித்து மூன்றாம் படியில்தான் அதனைப் பதிவு செய்தார்கள். விதி அப்படி. அதற்கு நேர்மாறாக, 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்துச் சிற்றூர்களில் வீசிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். உலக வரலாற்றில் ஒரே சுழற்காற்றில் இத்தனை பேர் மாண்டதாக வேறு பதிவில்லை. தகரமும் மண்ணுமான அக்குடிசைகள் இந்த இருபத்தெட்டு வகைகளில் எதிலும் அடங்கமாட்டா.

மறுபடியும் இந்தியானா வயலுக்கே வருவோம். அளப்பவர்கள் வந்து அளந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உழவனுக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. சுழற்காற்று பொருள்களை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் பறந்த ஒரு புகைப்படம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி டென்னசி மாநிலத்தில் விழுந்தது என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் பதிவு செய்துள்ளனர். கண்டெடுத்தவர்கள் உரியவரைத் தேடி அனுப்பிவைத்த இத்தகைய நூற்றுக்கணக்கான பொருள்களே அவர்களுக்கு ஆய்வுப் பொருளாயின. அவ்வளவு தூரம் போகாத கனத்த பொருள்கள் வயலில் விழுகின்றன. கண்ணாடிச் சில்லு, தகரம், கம்பி, எல்லாவற்றிற்கும் மேலாக ஆணி. வீடு ஒன்றில் எத்தனை ஆயிரம் ஆணிகள் இருக்கும்! அவை உழவு எந்திரத்தின் சக்கரத்தைக் கிழிக்கும். வைக்கோலோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் மாடு மெல்ல மெல்ல நலிந்து சாகும். அதற்காகவே அந்நாட்டு உழவர் சிலர் ஒரு சிறு காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவைக்கிறார்கள். அது வயிற்றில் தங்கி ஆணியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே சுழற்காற்று சென்ற ஏப்ரல் மாதங்களில், விதைப்புக்கு முன், ஊரார் வயலில் இறங்குகிறார்கள். ஆமிஷ், மெனோனைட் சபையார் விழுந்த கொட்டில்களைக் கூடி நின்று தூக்கி நிறுத்தும் அதே நாட்களில், பள்ளிப் பிள்ளைகளும் பங்கு மக்களும் முன்பின் அறியாத வெளியூராரும் ஒரு கை அகல இடைவெளியில் வரிசையாக நிற்கிறார்கள். ஆளுக்கொரு வாளி. ஒருவர் முந்தாமல், ஒருவர் பிந்தாமல், தட்டைகளின் ஊடே கண்ணைத் தரையில் பதித்தபடி அடி அடியாக எதிர்வரப்புவரை நடக்கிறார்கள். ஆணி கிடைத்தால் வாளிக்குள். புகைப்படமோ கடிதமோ கிடைத்தால், மண்ணைத் தட்டி, சட்டைப் பைக்குள். வரப்பை எட்டியதும் வாளியைக் கொட்டிவிட்டு, அடுத்த பத்து வரிசைக்கு நகர்ந்து, திரும்பி நடக்கத் தொடங்குகிறார்கள்.